வயரிங்கில் ஒரு தப்பும் இல்லை

"வயரிங்ல ஒரு தப்பும் இல்லைன்னு எழுதிக் குடும்மா. அது போதும்."

எல்லினோர் இப்படிக் கேட்டதும், எலக்ட்ரீஷியன் மைப்ரிட் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

காலையில் கெட்டிலைச் செருகும்போது பிளக் பாயிண்டில் பொறி பறந்தது என்று போன் வந்திருந்தது. டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்துக்குப் பின்னால், செங்கல் வீடு. மைப்ரிட் வந்து மெயினை அணைத்து, மூடியைக் கழற்றினாள். உள்ளே வயர் திருகில் சரியாகப் பிடிக்காமல் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உருகி, சுவர் கறுத்திருந்தது.

"யார் போட்டது இது?"

"என் வீட்டுக்காரர், வெர்னர்."

"தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கணும்? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிச்சனே பத்தியிருக்கும்."

மைப்ரிட் புதுப் பாயிண்ட் மாட்டி, டெஸ்டர் வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் இந்தக் கோரிக்கை.

"தப்பே வயரிங்லதான். நான் எப்படி மாத்தி எழுதறது?"

"பாயிண்ட் பழசு, விரிசல் விட்டுடுச்சுன்னு எழுதேன்."

"இன்சூரன்ஸ்காரங்க வந்து கேட்டா?"

"அவங்களுக்கு நிஜத்தையே எழுதிக்கோ. எனக்குத் தனியா ஒரு சீட்டு குடு. உன் முத்திரையோட. கொஞ்சம் பெரிய எழுத்தா."

ஒரே வேலைக்கு இரண்டு ரிப்போர்ட். மைப்ரிட்டின் முகம் சுண்டியது. பன்னிரண்டு வருஷத் தொழிலில் இப்படிக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறாள்.

"வீட்டை விக்கப் போறீங்களா?"

"இல்லையே."

"பெரியவங்களாச்சேன்னு பொறுமையா பேசறேன். பொய்ச் சீட்டு வாங்கி யாரை ஏமாத்தப் போறீங்க?"

"வெர்னரை."

மைப்ரிட்டுக்குப் புரியவில்லை.

எல்லினோர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அவருக்கு ஞாபக மறதி முத்திப் போச்சு. முதியோர் ஹோம்ல விட்டு எட்டு மாசமாகுது. தெரியாத வேலைன்னியே... நாப்பது வருஷம் அவரும் உன் தொழில்தாம்மா. கடைசியா கை வெச்சது இந்தப் பாயிண்ட்லதான்."

மைப்ரிட் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பேரை மறந்துட்டார். இது மட்டும் மறக்கலை. தினமும் கோட்டை மாட்டிக்கிட்டு ஹோம் வாசல்ல நிக்கிறார். 'கிச்சன்ல ஒரு திருகை முடுக்காம விட்டுட்டேன், வீடு எரிஞ்சிடும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ங்கிறார். நோய்தான் அப்படிப் பேச வைக்குதுன்னு நினைச்சேன். இன்னைக்குப் பொறி பறந்தப்பதான் தெரியுது, அவர் சொன்னது நிஜம்னு."

"பழுது பார்த்தாச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். எல்லாம் சரியா இருக்குன்னு நான் சொன்னாலும் நம்ப மாட்டார். 'உனக்கென்ன தெரியும், தொழில் தெரிஞ்சவங்க பார்த்து எழுதிக் குடுக்கட்டும்'ங்கிறார்."

வெளியே கடற்காற்று ஜன்னலை உலுக்கியது. மைப்ரிட் பேனாவை எடுத்தாள்.

'அன்புள்ள வெர்னர், உங்கள் கிச்சன் பாயிண்டைத் திறந்து பார்த்தேன். திருகு இறுக்கமாக இருக்கிறது. வயரிங்கில் ஒரு தப்பும் இல்லை. வீடு பத்திரம்.'

கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினாள்.

எல்லினோர் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இதைப் பார்த்தா நிம்மதி ஆயிடுவார், இல்லையா?" என்றாள் மைப்ரிட்.

"ஆயிடுவார்." எல்லினோர் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்கவும் மாட்டார்."