வலது கை நாடி

தீர்ப்பின் கடைசிப் பக்கம் வந்ததும் அவள் எழுந்து நின்றாள். யாரும் எழச் சொல்லவில்லை.

விடுதலை.

நீதிபதி அதை மெதுவாகத்தான் சொன்னார். மின்விசிறிதான் சத்தம் போட்டது.

கூண்டில் நின்ற ஞானதிரவியம் இரண்டு கைகளையும் குவித்தார். நர்சிங் கல்லூரித் தாளாளர்.

கல்லூரி இருந்தது. அங்கீகாரம்தான் இல்லை. மூன்று வருடம் படித்து, சான்றிதழைப் பதிவு செய்யப் போன இடத்தில் அவளுக்கு அதைச் சொன்னார்கள். மற்றபடி வெள்ளை உடுப்பு, தொப்பி, குரூப் போட்டோ எல்லாம் அசல்.

கீழ்க் கோர்ட்டில் அவள்தான் முதல் சாட்சி. ஒன்பது வருடம் நடந்தது. மூன்றாண்டு சிறை என்றார்கள். அவர் அப்பீல் போனார்.

அவர் ஏமாற்றவில்லை என்று இந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அவள் ஏமாறவில்லை என்றும் சொல்லவில்லை.

குற்றச்சாட்டு தப்பு என்றது.

கீழ்க் கோர்ட்டில் ஒரு வழக்கம். குற்றச்சாட்டை யாரும் புதிதாக எழுதுவதில்லை. கணினியில் பழைய வழக்கு ஒன்றைத் திறந்து, பெயர்களையும் விவரத்தையும் மாற்றுவார்கள். அன்றைக்கு ஞானதிரவியத்தின் பெயரைப் போட்டதோடு சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது போலிருக்கிறது.

ஆகவே அவர், சுடலைக்கண்ணு என்பவருக்கு டிராக்டர் வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தார்.

அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அந்த வழக்கில் அவர் சொன்ன ஒரே உண்மை.

மாஜிஸ்திரேட் இருந்தார். இரண்டு வக்கீல்களும் இருந்தார்கள். போலீஸ் இருந்தது.

அவளும் இருந்தாள். ஒரு வாய்தாவையும் அவள் விட்டதில்லை. கடைசி பெஞ்ச். அங்கேயும் மின்விசிறி.

இப்போது தீர்ப்பைக் கேட்டுவிட்டு அரசு வக்கீல் அவள் பக்கம் குனிந்தார்.

“சுடலைக்கண்ணு யாருன்னு தெரியுமாம்மா?”

“தெரியாது சார்.”

“எனக்கும் தெரியல.”

அடுத்த காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்.

மறுவிசாரணையும் வேண்டாம் என்று தீர்ப்பில் இருந்தது. வயதைக் கருதி.

அவருடைய வயதை.

அவளுக்கு முப்பத்து மூன்று. பையில் ஒரு கடிதம் இருந்தது. தண்டனை உறுதியானால், தீர்ப்பின் நகலோடு வந்தால், வயது வரம்பைத் தளர்த்தி அரசுக் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களாம். முதல் வருடத்தில். பழைய வெள்ளை உடுப்பை அவள் போன வாரமே துவைத்துப் பார்த்தாள். இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைத்தால் போதும்.

கூண்டுக்குள் தொப்பென்று ஒரு சத்தம்.

தாளாளர் சரிந்து கிடந்தார்.

“காலைலருந்து உபவாசம்யா!” அவருடைய மகன் கத்தினான். “சுகர் மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டு வந்துட்டாரு!”

வக்கீல்கள் காற்றுக்கு வழி விட்டார்கள். ஒருவர் வழக்குக் கட்டால் விசிறினார்.

அவள் மண்டியிட்டிருந்தாள். எப்போது போனாள் என்று அவளுக்கே தெரியாது.

சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். கால்களைத் தூக்கி வைத்தாள். சீனி நிறையப் போட்டு டீ கேட்டாள். டவாலி ஓடினார். டீ வந்தபோது அவர் கண் திறந்திருந்தார். தலையைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

பிறகு நாடி.

பக்கத்தில் கிடந்தது இடது கை. அவள் எட்டி வலது கையை எடுத்தாள். கல்லூரியில் நாற்பது பேருக்கு ஒரே பொம்மை. அதற்கு இடது கை கிடையாது.

“நல்ல வேளை, நர்ஸம்மா ஒருத்தங்க இருந்தாங்க,” என்றார் டவாலி.

அந்த அறையில் யாரும் மறுக்கவில்லை.

ஞானதிரவியம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். முதல் சாட்சியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. நன்றிதான்.

“நல்லாப் பாக்கியேம்மா. எந்தக் காலேஜு?”

அவள் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நடுவில் பேசினால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.