பதினோரு மைல்

வாசலில் ராணுவ அதிகாரியின் கார் வந்து நின்றதுமே, ராக்கெட் வாத்தியாரின் மனைவி அவருடைய சட்டைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நிலாவுக்கு ராக்கெட் விடறேன்னீங்க. இப்ப நீங்க ஜெயிலுக்குப் போகப் போறீங்க."

வாத்தியார் வாசலை எட்டிப் பார்த்தார். நிலா ஆராய்ச்சிக்கு உதவி கேட்டு அவர் அனுப்பிய மூன்று மனுக்களையும், 'பைத்தியத்துக்கு எங்கள் இலாகாவில் வைத்தியம் இல்லை' என்று பதில் எழுதி நிராகரித்தவர் இதே அதிகாரிதான்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர், "நேத்து விட்டது எங்க விழுந்துச்சு?" என்றார்.

"எல்லை தாண்டி, பக்கத்து நாட்டுத் தபாலாபீஸ் கூரையில, சார். நேரா மேலதான் விட்டேன். காத்து சாய்ச்சிடுச்சு."

"எவ்வளவு தூரம்?"

"பதினோரு மைல். மன்னிச்சிடுங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். கைது உத்தரவு என்று நினைத்தே வாங்கினார் வாத்தியார். அது அவருடைய பழைய மனு. 'நிலா' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, கீழே அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தது.

"ஐயா, அடுத்த தடவையும் அதே கூரை மேல விழ வைக்க முடியுமா?"

வாத்தியாருக்குப் புரியவில்லை. "நல்லவேளை, நேத்து யாருக்கும் அடிபடல, சார்."

"அதையும் போகப் போகச் சரிபண்ணிடலாம், ஐயா."