வெர்னா வீட்டு வழி

கென்டக்கி மலையில், நிலக்கரிச் சுரங்கத்தின் வடிகால் இரவு மழையில் உடைந்திருந்தது. உடைப்பைப் பார்வையிட வந்த ஆய்வாளர் ரட்லிஃப், தண்ணீர் அறுத்துக்கொண்டு போன தடத்திலேயே சரிவில் இறங்கினார். ஆளை மூழ்கடிக்கும் பள்ளம். அது நேராக வெர்னாவின் வாசற்படிக்கு வந்து நின்றது. வீட்டுக்குப் பின்னால், அதே அகலத்தில் மறுபடி தொடங்கி, ஓடை வரை போனது.

வீட்டுச் சுவரில் ஈரம்கூட இல்லை. உள்ளே வெர்னா சோள ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது, தனி ஆள்.

“ராத்திரி சத்தம் கேக்கலையாம்மா?”

“கேட்டுச்சே. ரெண்டு கதவையும் தொறந்து விட்டேன். இப்படி வந்து அப்படிப் போயிடுச்சு.”

ரட்லிஃப் குனிந்து தரையைத் தடவினார். விரலில் தூசிதான் ஒட்டியது.

“இன்னிக்கும் மழை இருக்கு. வண்டியில ஏறுங்க, உங்க தங்கச்சி வீட்டுல விட்டுடறேன்.”

“அவகூட இருக்கறதுக்கு வெள்ளத்தோடயே போயிடலாம்.”

வெர்னா சிரித்து முடிப்பதற்குள் தூறல் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெருமழையானது. மேட்டில் கற்கள் உருளும் இரைச்சல் கேட்டது. ரட்லிஃப் பதறி அவர் கையைப் பிடித்து இழுத்தார். வெர்னா கையை விடுவித்துக்கொண்டு, மேசையைச் சுவரோரம் தள்ளினார். இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தார்.

“நடுவுல நிக்காதீங்க தம்பி.”

ரட்லிஃப் சுவரோடு ஒட்டி நின்றார். இரைச்சல் படியேறி வந்து, வாசலில் சட்டென்று அடங்கியது. ஈரக் கரியின் வாடை அறையை மெதுவாகக் கடந்து போனது. ஏனென்று தெரியாமலே அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

பிறகு, பின்பக்கம் இரைச்சல் கேட்டது.