கண்டுபிடித்தவரின் தொப்பி

வெலிங்டன் பர்டி கத்தரிக்கோலை உயர்த்தியபோது கரையில் இரண்டு அண்டாக்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

பெரணிச் செடியின் இளந்தளிர்ச் சுருளை இரண்டு முறை வேகவைத்து, இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அவசரப்பட்டுத் தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுகொள்வார்கள். அண்டாக்கள் தயார். வெண்ணெயும் உப்புப் பன்றிக்கறியும் தயார். தலைநகரிலிருந்து வந்திருந்த அமைச்சர் அம்மா தயார்.

சுருளைப் பறிப்பதுதான் பாக்கி.

பர்டி வசந்த விழாக் குழுவின் தலைவர். ரப்பர் பூட்ஸுக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் பதக்கம், தலையில் தொப்பி, தொப்பியில் இறகு போல ஒரு பழுப்பு மட்டை.

பெரணியின் பச்சை மட்டைகள் முதல் உறைபனியிலேயே சரிந்துவிடும். வித்துத்தூள் சுமக்கும் இந்தப் பழுப்பு மட்டைகள் மட்டும் பனியிலும் வெள்ளத்திலும் விறைத்துக்கொண்டு நிற்கும். வசந்தத்தில் எங்கள் நதிக்காரர்கள் தேடுவது அதைத்தான். பழுப்பு நிற்கிற இடத்தில் பச்சை வரும்.

பெரணியைப் பற்றிப் பர்டிக்குத் தெரிந்தது அந்த ஒரு வரி. அதையே பேச்சில் மூன்று இடத்தில் சொன்னார்.

இந்த நதியின் பூர்வகுடிகளான எங்கள் வொலாஸ்டொக் மக்களில் எந்தக் குடும்பம் எந்தத் தீவில் பறிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்களில் ஒருத்தியான மேடலினின் தீவு அவள் தாய்வழியில் வந்தது. ஒவ்வொரு பெரணிக் குத்திலும் பாதியை விட்டுத்தான் பறிப்பாள்.

முந்திய ஒரு வசந்தத்தில் அவள் படகுக்குப் பின்னாலேயே பர்டி தன் மோட்டார் படகை விட்டார். குத்துக் குத்தாக மொட்டையடித்தார். அடுத்த வருடமும் அடித்தார். ‘பர்டி வனம்’ என்று பலகை நட்டு, அடியில் ‘கண்டுபிடித்தவர்’ என்றும் எழுதினார். பாதிக் குத்துகள் பிறகு எழவே இல்லை. இன்னும் ஒரு மொட்டை விழுந்தால் மிச்சமும் போய்விடும்.

மேடலினின் தம்பி நோயல் நியாயம் கேட்கப் போனான்.

“செடியில யாரு பேருப்பா எழுதி ஒட்டியிருக்கு?” என்றார் பர்டி, தன் பெயர் எழுதிய பலகையில் சாய்ந்துகொண்டு.

மேடலினின் கோபம் கொதிக்கிற வகை அல்ல, ஊறுகிற வகை.

இந்த ஆண்டு பனிக்கட்டி உடைந்து வந்த வெள்ளம் பலகையை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்தால் தீவுகள் எல்லாம் சேறு பூசிக்கொண்டு ஒரே சாயலில் கிடக்கும். பர்டி கலங்கவில்லை. ஆற்றை ஒரு சுற்றுச் சுற்றினார். பழுப்பு மட்டைகள் படை வீரர்கள் போல அடர்ந்து நின்ற தீவில் கொடியை நட்டார். அழைப்பிதழ் அச்சானது.

வரவேற்புப் பாட்டுக்கு மேடலினையே கூப்பிட்டிருந்தார். வந்து பாடினாள். அவ்வளவு இனிமையாக அவள் பாடி நாங்கள் கேட்டதில்லை.

ரிப்பன் அறுந்தது. படகுகளில் இருந்த நாங்கள் கைதட்டினோம்.

அமைச்சர் அம்மா முதல் சுருளைப் பறிக்கக் குனிந்தார். மட்டைக்கு அடியில் ஈர மணலும் ஒரு சிப்பி ஓடும் இருந்தன.

சுருள்களுக்குக் கூச்சம் அதிகம் என்று பர்டி விளக்கம் சொன்னார். மண்ணைக் கிளறிக் காட்டுவதற்காக மட்டையை ஒதுக்கினார்.

அது கையோடு வந்துவிட்டது.

வேர் இல்லை. அடி, பென்சில் முனை போலச் சீவியிருந்தது.

பக்கத்து மட்டையை இழுத்தார். அதுவும் பென்சில். அதற்கடுத்ததும். மண்டியிட்டு, பதக்கம் சேற்றில் புரள, தவழ்ந்து தவழ்ந்து பிடுங்கினார். எழுந்து நின்றபோது கல்யாணப் பெண் பூச்செண்டை அணைத்திருப்பதுபோல மார்போடு ஒரு கட்டு. விழாவுக்கென்று அவரே வரவழைத்த புகைப்படக்காரர் தன் கடமையைச் செய்தார்.

நோயல் படகிலிருந்து மரியாதையாகக் கேட்டான்: “பர்டி ஐயா, இதையும் நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?”

சிரிப்பு படகுக்குப் படகு தாவியது. அமைச்சர் அம்மா திடீரென்று நதியின் அழகை ரசிக்கத் தொடங்கினார். கரையில் தண்ணீர் யாருக்கோ கொதித்துக்கொண்டிருந்தது.

மேலாற்றில், ஒரு பழுப்பு மட்டைகூட இல்லாத மேடலினின் தீவில், மிஞ்சிய குத்துகள் முஷ்டியை மடக்கிக்கொண்டு தலைதூக்கியிருந்தன. அதைப் பிறகுதான் நாங்கள் பார்த்தோம்.

பர்டி மேடலின் பக்கம் திரும்பினார். யார் பார்த்த வேலை இது என்று எல்லோருக்கும் கேட்கும்படி உறுமினார்.

“பேரு எழுதி ஒட்டியிருக்கான்னு பாருங்க” என்றாள் அவள்.

பர்டியின் கை மெல்லத் தொப்பிக்குப் போனது.

போன கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, பாட்டுக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்று அவர் மேடலின் வீட்டுக்குப் போயிருந்தார். சமையலறையில் அடுப்பை ஒட்டி வாளி வாளியாகப் பழுப்பு மட்டைகள். எதற்கு இத்தனை என்று அவர் கேட்கவில்லை. விழாத் தொப்பிக்கு எடுப்பாக ஒன்று கொடேன் என்றுதான் கேட்டார்.

அவள் இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கினாள். அவர் கண்ணெதிரிலேயே கத்தியால் அடியைக் கூராகச் சீவி, தன் கையாலேயே தொப்பியில் செருகிவிட்டாள்.

அவர் நன்றிகூடச் சொன்னார்.