பங்காருவின் வாட்ச்

“என்னை வித்துப்போட்டியேடா, பாவி!”

பங்காரு கத்திய கத்தலில், களத்தில் தேங்காய்ப் பருப்பு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்புமணி மூட்டை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. நிமிர்ந்து பார்க்கவும் அவனால் முடியவில்லை.

“தப்புச் செஞ்சவன் மூஞ்சி இப்படித்தான் வேர்க்கும்,” என்றார் பங்காரு.

வெள்ளகோவில் எண்ணெய் மில்லில் அவர்கள் இரண்டு பேரும் ஜோடி. லாரிக்கு மூட்டை ஏற்றுவது, இறக்குவது, சாப்பிடுவது எல்லாம் சேர்ந்துதான். அண்ணன் தம்பி என்றே மற்றவர்கள் நினைப்பார்கள்.

போன வருசம் பங்காருவுக்கு நெஞ்சு வலி வந்தது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்றார் கோயமுத்தூர் டாக்டர். தூக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. விஷயம் அன்புமணி ஒருவனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனே அவன்தான்.

அந்த நேரம் பார்த்து, ஐம்பது தாண்டிய ஆட்களுக்கெல்லாம் மில்லில் ஒரு வாட்ச் கொடுத்தார்கள். கட்டியிருப்பவரின் நெஞ்சுத் துடிப்பு மேனேஜர் மோகன்குமாரின் போனில், ஒரு ஆப்பில் தெரியுமாம். பங்காரு வெலவெலத்துப் போனார்.

“குடுங்ணா, வேலை நேரத்துல நான் கட்டிக்கறேன். எனக்கு என்ன கேடு, எளவட்ட ஒடம்பு!” என்று அன்புமணிதான் அதை வாங்கி, முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

அந்த ஆப்பும் லேசுப்பட்டதல்ல. திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். திறந்தாலும் எல்லோரும் நலம் என்றே காட்டும். ஒருநாள் ஆணியில் தொங்கிய வாட்சுக்குக்கூடத் துடிப்பு காட்டியது. போன வாரம்தான் கம்பெனிக்காரர்கள் வந்து சரிசெய்தார்கள். இப்போது தொட்டதும் திறக்கிறது, டாக்டர் மெஷின் மாதிரி சொல்கிறது என்று மோகன்குமாருக்கு ஒரே பெருமை.

இன்று காலை அவர் பங்காருவைத்தான் முதலில் கூப்பிட்டார். “ஏனுங்க பங்காரண்ணா, உங்க நெஞ்சு சரியில்லீங்க. நேத்து ரொம்ப மோசமாக் காட்டுது. இனி மூட்டைப் பக்கமே போயிராதீங்க.”

பங்காரு அங்கிருந்து நேராக இங்கே வந்திருந்தார்.

“ஆப்பு காட்டுச்சாமா, ஆப்பு! நீ போய்ச் சொல்லாம அவருக்கு எப்படிடா தெரியும்? என்ற எடத்துக்கு உன்ற மச்சானைக் கொண்டாரத்தானே இந்த வேலை?”

“நான் ஒண்ணுமே சொல்லலீங்ணா.”

“அப்புறம் நேத்து எதுக்குடா ஆபீஸ் ரூமுக்குப் போனே?”

“அரை நாள் லீவு கேக்கப் போனனுங்க. குடுக்கலை.”

“லீவா? நோம்பிக்குக்கூட லீவு கேக்காத ஆளு நீ! பொய் சொல்றதையாவது ஒழுங்காச் சொல்லு.” பங்காரு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்ற பொண்ணு உன்னையச் சித்தப்பான்னுதானேடா கூப்படறா. நீ தள்ளிவிடுவேன்னு நெனைக்கலையே.”

அன்புமணி ஏதோ சொல்ல வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினான்.

“சொல்லுடா! வாட்ச் உன்ற கையில இருந்திருந்தா நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு அதுல எப்படி வரும்? நேத்து அதைக் கழட்டி எங்கே வெச்சே?”

அன்புமணி சட்டைக் கையை மெல்ல மேலே இழுத்தான்.

“கழட்டவே இல்லீங்ணா.”