நாலு போல்ட்

ஜெயவேலு தன் டாக்சிக்குப் புது வீல் போல்ட் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே மைத்துனன் கேசவனிடம் மாட்டக் கொடுத்திருந்தான். பத்தாம் நாள் ஊரப்பாக்கத்தில் சக்கரம் கழன்று, உள்ளே இருந்த மகளுக்குக் கை முறிந்தது.

தாய்மாமன் கேசவன் கொதித்துப்போனான். தன் டாக்சியிலேயே ஜெயவேலுவை, போல்ட் வாங்கிய தாம்பரம் கடைக்கு ஏற்றி வந்தான்.

"டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான் மச்சான். அந்தக் கடைக்காரனை வுடாதே!"

உடைந்த போல்ட்டுகளைக் கடை மேசையில் விசிறியடித்தான் ஜெயவேலு. "ஒரிஜினல்னுதானே குடுத்தே?"

கடைக்காரர் துரைராஜ் புரட்டிப் பார்த்தார். "இது என் சரக்கு இல்லப்பா. நான் விக்கிற போல்ட் தலையில பச்சைப் பெயிண்ட் தொட்டு வெச்சிருப்பேன்."

ஜெயவேலு போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"பயப்படாம ஏறு மச்சான்," கேசவன் கதவைத் திறந்துவிட்டான். "என் வண்டிச் சக்கரம்லாம் கழலாது."

முன்சக்கரத்தில் நாலு பச்சைப் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.