கடல் பார்த்த அறை

துருக்கியின் அன்டாலியா கடற்கரை ஓட்டலில் கடல் பார்த்த அறை கிடைக்காத எரிச்சல் ஷெர்மினுக்கு. பக்கத்து மேசை நெஸ்ரினோ அப்படியொரு அறையில் இரண்டு மாதமாக இருக்கிறாளாம்!

"கொடுத்து வெச்சவ நீ" என்றபடி, காலை உணவு மேசையில் நெஸ்ரினுக்கு எதிர் நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அது என் பொண்ணுக்குக்கா. வருவா."

"நேத்தும் இதைத்தான் சொன்னே. சரியான தூங்குமூஞ்சி போல!"

நெஸ்ரின் தலைகுனிந்து ஆலிவ் பழத்தை ஒதுக்கினாள்.

"இன்னிக்கு ரோமானியர் காலத்து இடிஞ்ச ஊரைப் பார்க்கப் போறோம். அவ்வளவு அழகாம். நீயும் வாயேன்."

"இடிஞ்ச ஊரைப் பார்த்தாச்சுக்கா."

"கடல்லயும் இறங்க மாட்டே. பின்ன எதுக்கு இங்க வந்தே?"

அதற்குள் மேலாளர் தயங்கியபடி வந்தார்.

"நெஸ்ரின் அம்மா, சீசன் தொடங்கிடுச்சு. நிலநடுக்கத்துல வீடு போய் இங்க தங்கினவங்களை நாளைக்கு முகாமுக்கு மாத்தறாங்க. உங்க அறையை இந்த அம்மாதான் கேட்டிருக்காங்க."

ஷெர்மின் சட்டென்று மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, எனக்கு அந்த அறை வேண்டாம்!"

"நீங்க வேண்டாம்னா இன்னொருத்தர் வருவாங்கம்மா" என்றார் மேலாளர்.

நெஸ்ரின் ஷெர்மினின் கையைப் பிடித்தாள்.

"நீங்களே எடுத்துக்குங்கக்கா. என் பொண்ணு உடம்பு இன்னும் கிடைக்கலை. உயிரோட இருந்தா இந்த விலாசத்துக்குத்தான் அனுப்புவாங்க. அவ வந்து கதவைத் தட்டினா, அம்மா முகாமுக்குப் போயிருக்கான்னு நீங்க சொல்லுவீங்க இல்ல?"